பூனைக்குட்டியைத் தத்தெடுக்கும் முன்: வீடு பார்க்கும் நாள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் தெரு ஓரங்களிலிருந்தும், வண்டி எஞ்சினுக்குள்ளிருந்தும், கட்டட வேலை நடக்கும் இடங்களிலிருந்தும் மீட்கப்படும் பூனைக்குட்டிகளைச் சில வாரங்கள் வீட்டில் வைத்துத் தேற்றி, நல்ல குடும்பங்களிடம் ஒப்படைக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. குட்டி வேண்டும் என்று கேட்பவர்களிடம், வீட்டை வந்து பார்த்த பிறகே தருவோம் என்று சொல்கிறோம். எங்களுக்குள் இதை ‘ஹோம் செக்’ என்போம். அதைக் கேட்டதும் பலருக்குத் தயக்கம் வருகிறது, சிலருக்குக் கோபமும் வருகிறது. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கும், கேட்காமல் விட்டுப் பின்னால் வருந்திய சிலவற்றுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தெருவில் கிடந்த குட்டிக்கு ஒரு வீடு கிடைப்பதே பெரிது. அப்படியிருக்க, எங்கள் வீட்டை ஏன் வந்து பார்க்க வேண்டும்?

தெருவில் வளரும் குட்டி, நாய் வந்தால் எந்தச் சுவரில் ஏற வேண்டும், எந்த வாசலில் மீன் தலை கிடைக்கும் என்பதையெல்லாம் தாயைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. எங்கள் கைக்கு வந்து, புட்டியில் பால் குடித்து, மனிதர் மடியில் உறங்கப் பழகிய குட்டிக்கு அந்தப் படிப்பு எதுவும் இல்லை. உங்கள் வீட்டிலிருந்து அது வெளியே போய்விட்டால், தெருவில் பிறந்தது என்ற ஒரே காரணத்தால் தெருவில் பிழைத்துவிடாது. எனவே வீடு பார்க்க வருகிறவர் இரண்டே விஷயங்களைத்தான் தேடுகிறார்: குட்டி விழவோ ஓடவோ வழி எங்காவது இருக்கிறதா, அது வருவதில் வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் சம்மதமா. உங்கள் வருமானம், வீட்டின் அளவு, சொந்த வீடா வாடகை வீடா என்பவை எங்கள் முடிவைத் தீர்மானிப்பதில்லை. ஒற்றை அறை வீட்டில் மிக அருமையாக வளரும் பூனைகளை எனக்குத் தெரியும்.

அன்றைக்கு என்ன நடக்கும்? வீட்டைத் தயார் செய்து வைக்க வேண்டுமா?

ஒருவரோ இருவரோ வருவோம். அரை மணி நேரத்திலிருந்து முக்கால் மணி நேரம் ஆகும். குளியலறை, சமையலறை, துணி காயப்போடும் இடம் உட்பட எல்லா இடங்களையும் பார்ப்போம். வீட்டைத் துடைத்து அடுக்கி வைக்க வேண்டாம், பலகாரமும் வேண்டாம். நீங்கள் வழக்கமாக எப்படி இருக்கிறீர்களோ அந்த வீட்டுக்குத்தான் குட்டி வரப்போகிறது. ஆகவே அதையே பார்க்க விரும்புகிறோம். வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் கூடும் நேரமாக, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மாலையாக, வரச் சொல்வது நல்லது.

என் பையில் எப்போதும் ஒரு பெரிய எலுமிச்சம்பழம் இருக்கும். இரண்டு மாதக் குட்டியின் தலை ஏறக்குறைய அந்த அளவுதான் இருக்கும், தலை நுழைந்த இடத்தில் உடலும் நுழைந்துவிடும். பால்கனிக் கம்பி, ஜன்னல் கிரில், வாசல் கேட்டின் அடிப்பக்கம், எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்த விட்டிருக்கும் வட்டத் துளை என ஒவ்வொன்றிலும் அந்தப் பழத்தை வைத்துப் பார்ப்பேன். நாங்கள் வரும் முன்பே நீங்களும் ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து பாருங்கள். நாங்கள் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கே தெரிந்துவிடும்.

வெளியூரில் இருப்பவர்களுக்குக் காணொளி அழைப்பில் இதையே செய்கிறோம். அப்போது கைப்பேசியைத் தரையருகே பிடித்தபடி ஒருமுறையும், கூரையை நோக்கி உயர்த்தி ஒருமுறையும் எல்லா அறைகளையும் காட்டச் சொல்வோம். பூனை நடமாடும் உயரங்கள் அவை.

பால்கனியில் புறா வலை போட்டிருக்கிறோம். அது போதாதா?

பெரும்பாலான வீடுகளில் நாங்கள் அதிக நேரம் நிற்பது இந்த இடத்தில்தான். புறா வலை என்று சென்னையில் எங்கும் கட்டித்தரும் நைலான் வலை, வெளியிலிருந்து பறவை உள்ளே வராமல் தடுப்பதற்காகச் செய்யப்பட்டது. உள்ளிருந்து நகத்தால் பற்றி ஏறி, பல்லால் கடித்து இழுக்கும் ஒரு விலங்கைத் தாங்கவேண்டும் என்று அதைச் செய்தவர்கள் நினைக்கவில்லை. இரண்டு கோடை வெயிலில் நைலான் இழை நைந்துவிடுகிறது. வலையைக் கொக்கியோடு பிணைக்கும் பிளாஸ்டிக் கட்டு அதற்கும் முன்பே ஒடிகிறது. உங்கள் வலையின் ஓரத்தை விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். சுவருக்கும் வலைக்கும் நடுவே உங்கள் கை போனால் குட்டியும் போகும்.

அண்மைக் காலமாக உயர்ந்த கட்டடங்களில் பலரும் போடுகிற, கண்ணுக்குத் தெரியாத கிரில் என்று விற்கப்படும் மெல்லிய எஃகுக் கம்பிகளும் குட்டிக்குப் போதா. அந்தக் கம்பிகளுக்கு நடுவே வழக்கமாக 2 அங்குலம் முதல் 3 அங்குலம் வரை இடைவெளி விடுகிறார்கள். குழந்தைக்கு அது பாதுகாப்பு, பூனைக்குட்டிக்கோ திறந்த வாசல்.

எஃகு வலைதான் சரியானது. கண்ணி ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல், நான்கு பக்கமும் சட்டத்தோடு திருகி இறுக்கப்பட்டிருக்க வேண்டும். முழு பால்கனிக்கும் அப்படிச் செய்ய இப்போது பணம் இல்லையென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். பால்கனிக் கதவை எப்போதும் சாத்தியே வைத்து, குட்டிக்காக ஒரே ஒரு ஜன்னலுக்கு மட்டும் எஃகு வலை அடித்த குடும்பங்களுக்கும் குட்டி கொடுத்திருக்கிறோம். ஆனால் கதவைச் சாத்தி வைப்போம் என்ற வாக்குறுதி வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேருடைய நினைவையும் சார்ந்தது. துணி காயப்போட வரும் பணிப்பெண்ணையும் சேர்த்தால் ஆறு பேர் ஆகிறது. அதனால் அத்தகைய வீடுகளில் கதவுக்குத் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் ஒன்றைப் பொருத்தச் சொல்கிறேன்.

பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் காலூன்றி நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். காற்றில் உடலைத் திருப்பிக்கொள்ளும் திறமை அதற்கு உண்டு என்பது உண்மை. ஆனால் கால் முதலில் தரையில் பட்டாலும், அந்த வேகத்தில் மார்பும் தாடையும் மோதுகின்றன. தாடை உடைந்து, மேலண்ணம் பிளந்து, நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்து, மூச்சுத் திணறலோடு மருத்துவரிடம் கொண்டுவரப்படும் பூனைகளை மாடிக் குடியிருப்புகள் உள்ள எல்லா ஊர்களிலும் காணலாம்.

குளியலறையைக்கூடப் பார்ப்போம் என்கிறீர்களே, அது எதற்கு?

சில ஆண்டுகளுக்கு முன், மூன்றாவது மாடியில் இருந்த ஒரு வீட்டுக்கு நான் ஒப்புதல் கொடுத்தேன். பால்கனியில் முதல்தரமான எஃகு வலை இருந்தது. குடும்பத்தினர் அன்பானவர்கள். குளியலறைக்குள் எட்டிப் பார்க்கக் கூச்சப்பட்டு வந்துவிட்டேன். ஐந்தாம் நாள் இரவில் குட்டி துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் ஏறி, அங்கிருந்து வென்டிலேட்டருக்குத் தாவியிருக்கிறது. கீஸர் குழாய்க்காக ஒரு கண்ணாடிப் பட்டையை எப்போதோ கழற்றியிருந்தார்கள். அந்த இடைவெளி வழியாக வெளியே வந்து, முதல் மாடியின் மழைத் தடுப்புப் பலகையில் விழுந்துகிடந்தது. பின்னங்கால் எலும்பு முறிந்து இரண்டு அறுவை சிகிச்சைகள் ஆயின. இன்றும் அது சற்றுத் தாங்கித்தான் நடக்கிறது. அந்தக் குடும்பத்தின் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பார்க்க வேண்டியது என் பொறுப்பு, நான் பார்க்கவில்லை.

நம் ஊர்க் குளியலறையிலும் சமையலறையிலும் உள்ள சாய்வுக் கண்ணாடிப் பட்டை வென்டிலேட்டர்கள் உறுதியாகத் தெரியும், ஆனால் பூனை முகத்தால் நெம்பினால் பட்டை நழுவி விழும். உட்புறமாக ஒரு துண்டு எஃகு வலையை அடித்துவிட்டால் காற்றும் வரும், கவலையும் இருக்காது. மற்றொன்று தண்ணீர். விட்டு விட்டுத் தண்ணீர் வரும் பகுதிகளில் வாளியிலும் டிரம்மிலும் பிடித்து வைக்காத வீடே இல்லை. விளிம்பில் ஏறி உள்ளே விழும் குட்டிக்கு வழுக்கும் பிளாஸ்டிக்கில் கால் பற்றாது. எல்லா டிரம்முக்கும் மூடி வேண்டும், மூடியின் மேல் ஒரு கனமான பொருளும் வேண்டும்.

வீட்டுக்குள் வேறு எவற்றையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும்?

முதலில் ஃபீனைலைச் சொல்வேன். அதன் பிறகு பாராசிட்டமால். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று தோன்றும், ஆனால் காரணம் ஒன்றுதான். இத்தகைய வேதிப்பொருள்களை முறித்து வெளியேற்றத் தேவையான நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. காய்ச்சல் என்று நினைத்து யாரோ கொடுக்கும் ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை வளர்ந்த பூனையையே கொல்லப் போதும். ஃபீனைல் கலந்து துடைத்த ஈரத் தரையில் நடக்கும் குட்டி, பிறகு உட்கார்ந்து தன் பாதங்களை நக்குகிறது. அப்படியே உடலுக்குள் போகிறது. வீடு துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதும். அலமாரியில் போடும் அந்துருண்டை, பூஜைக் கற்பூரம், நாய்களுக்கான உண்ணி மருந்து ஆகியவையும் இதே வரிசையில் வருகின்றன. நாயின் கழுத்தில் விடும் சொட்டு மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால், அது பூனைக்கு வலிப்பை உண்டாக்கி உயிரையே எடுக்கும்.

அடுத்து நூல். பூக்கட்டும் நூல், தையல் ஊசியோடு கோத்த நூல், பொட்டலம் கட்டிய சணல், தலைமுடி ரப்பர் பேண்டு ஆகியவை குட்டிக்கு விளையாட்டுப் பொருள்களாகத் தெரியும். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருப்பதால், வாயில் சிக்கிய நூலைத் துப்ப முடியாமல் விழுங்கிக்கொண்டே போகிறது. உள்ளே போன நூல் குடலைச் சுருக்குப்பை போல இழுத்து அறுத்துவிடும். வாயிலிருந்தோ பின்புறத்திலிருந்தோ நூல் தொங்குவதைக் கண்டால் இழுக்கவே கூடாது. அப்படியே மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும்.

செடிகளில் அரளி, செங்காந்தள், சைகஸ் பனை ஆகியவை நஞ்சு. பூங்கொத்துகளில் வைத்துத் தரும் பெரிய லில்லிப் பூக்கள் மிக மோசமானவை. அவற்றின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். சமையலறையில் வெங்காயமும் பூண்டும் கலந்த மிச்சங்களைக் குட்டிக்குப் போடக் கூடாது.

வீட்டில் எல்லோருமே சம்மதிக்க வேண்டுமா? மாமியாருக்கு மட்டும் பூனை பிடிக்காது.

எல்லோரும் கொஞ்ச வேண்டியதில்லை. ஆனால் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களிடம் திரும்பி வந்த குட்டிகளை எண்ணிப் பார்த்தால், வலை சரியில்லாமல் வந்ததைவிட, கேட்காமல் கொண்டுவந்துவிட்டீர்களே என்ற சண்டையால் வந்தவையே அதிகம். அதனால்தான் பெரியவர்களிடம் தனியாகப் பேச நேரம் கேட்கிறோம். அவர்களுடைய தயக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் இருக்கும். முடி சாப்பாட்டில் விழுமோ, பூஜையறைக்குள் நுழையுமோ, யார் மலத்தை அள்ளுவது என்று கேட்பார்கள். இவை நியாயமான கேள்விகள், உட்கார்ந்து பேசினால் விடை கிடைக்கும். பூனை குறுக்கே போனால் ஆகாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு பாட்டி, கறுப்புக் குட்டி ஒன்றை அது வீட்டுக்கு வந்த நாலாம் நாளே மடியில் வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படி மனம் மாறும் என்று நம்பி நாங்கள் குட்டியைக் கொடுத்துவிட முடியாது. கறுப்புக் குட்டிகள் எங்களிடம் மற்றவற்றைவிட நீண்ட நாள் தங்கிவிடுகின்றன என்பதை இந்த இடத்தில் வருத்தத்தோடு சொல்லிவைக்கிறேன்.

மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள். பூனை இருந்தால் குழந்தைக்கு ஆபத்தா?

டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைக் குறித்த அச்சம் இது. அச்சத்துக்கு அடிப்படை உண்டு, அளவுதான் பெரும்பாலும் மிகைப்படுத்தப்படுகிறது. ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வெளிவந்தாலும், அது பிறருக்குத் தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாள்கள் ஆகும். எனவே மலத்தை நாள்தோறும் அகற்றினால், அதையும் கர்ப்பிணி அல்லாத வேறொருவர் செய்தால், ஆபத்து மிகவும் குறைந்துவிடும். பூனையை வெளியே வேட்டையாட விடாமலும் பச்சை இறைச்சி கொடுக்காமலும் வைத்திருந்தால் இன்னும் குறையும். சரியாக வேகாத இறைச்சி வழியாகவும், மண் ஒட்டிய காய்கறி வழியாகவும் இது பரவுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மகப்பேறு மருத்துவரிடம் ஒருமுறை பேசுங்கள். இருந்தாலும், பிரசவத்துக்கு இரண்டு மாதமே இருக்கும் வீட்டில் புதிதாக ஒரு குட்டியைச் சேர்ப்பதைவிட, குழந்தை பிறந்து வீடு ஓர் ஒழுங்குக்கு வந்தபின் சேர்ப்பது எல்லோருக்கும் நிம்மதி என்பது என் எண்ணம்.

வாடகை வீடு, குடியிருப்போர் சங்கமும் எதிர்க்கிறது. என்ன செய்வது?

இவை இரண்டும் வேறு வேறு. குடியிருப்போர் சங்கம் பொதுவாகச் செல்லப்பிராணிகளைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது. வாரியம், 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1962-இல் அமைக்கப்பட்டு, நெடுங்காலம் சென்னையிலிருந்தே இயங்கியது. ஆனால் வீட்டு உரிமையாளரோடு நீங்கள் செய்துகொண்ட வாடகை ஒப்பந்தம் தனி. அதில் பிராணி கூடாது என்று எழுதியிருந்தால், மறைத்து வளர்ப்பது ஒருநாள் குட்டியைத்தான் தெருவில் நிறுத்தும். உரிமையாளரிடமிருந்து ஒரு வரிக் குறுஞ்செய்தியாவது வாங்கி வைத்திருங்கள் என்று கேட்கிறோம்.

எத்தனை வாரக் குட்டியைத் தருவீர்கள்? சிறியதாக இருந்தால் நன்றாக ஒட்டிக்கொள்ளுமே?

எட்டு வாரத்துக்கு முன் தரமாட்டோம். பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கும் குட்டி, வாரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் கூடி, எட்டாம் வாரத்தில் முக்கால் கிலோவைத் தாண்டும். அதற்குள் தானாகச் சாப்பிடவும், மணலில் மலம் கழிக்கவும் கற்றிருக்கும். கடித்தால் பிறருக்கு வலிக்கும் என்பதை உடன்பிறந்தவற்றோடு உருண்டு புரண்டு அறிந்திருக்கும். இந்தக் கடைசிப் பாடத்தை நாம் கற்றுத்தருவது கடினம். நான்கு வாரத்தில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டிகள் பல பெரிதான பின்னும் கையைக் கடுமையாகக் கடிக்கின்றன. ஒட்டுதல் வயதைப் பொறுத்து வருவதில்லை, தினமும் நீங்கள் செலவிடும் நேரத்தால் வருகிறது.

ஒன்று கேட்டால் இரண்டாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறீர்களே?

பகல் முழுவதும் ஆள் இல்லாத வீடாக இருந்தால் கட்டாயம் அப்படித்தான் சொல்வோம். தனியாக எட்டு மணி நேரம் இருக்கும் குட்டி, நீங்கள் வந்ததும் தன் வேட்டை முழுவதையும் உங்கள் காலில் காட்டும். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு ஒன்றையொன்று களைக்கச் செய்துகொள்ளும். செலவு இரட்டிப்பாகும் என்பதை மறைக்கவில்லை. முடியாதவர்களை வற்புறுத்துவதும் இல்லை.

நாங்கள் சைவம். தயிர் சாதம் போட்டு வளர்க்கலாமா?

இதற்கு மனம் நோகாமல் பதில் சொல்ல எவ்வளவோ முயன்றிருக்கிறேன், ஆனால் பதில் ஒன்றுதான்: கூடாது. நாயைப் போல மரக்கறியில் ஓரளவு சமாளிக்கும் உடல் பூனைக்கு இல்லை. டாரின் என்ற சத்தைப் பூனையால் தேவையான அளவு தானே உற்பத்தி செய்துகொள்ள முடியாது, அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. டாரின் குறைந்தால் கண்ணின் விழித்திரை மெல்ல அழிந்து பார்வை போகிறது, இதயத் தசை தளர்ந்து வீங்குகிறது. தயிர் சாதத்தைப் பூனை விரும்பிச் சாப்பிடும் என்பதும், பக்கத்து வீட்டுப் பூனை அதிலேயே வளர்ந்தது என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்து வீட்டுப் பூனை மாலையில் எலியும் பல்லியும் பிடித்திருக்கும்; உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கப்போகும் குட்டிக்கு அந்த வழி இல்லை.

சைவக் குடும்பங்களுக்குக் குட்டி தரமாட்டோம் என்பது இதன் பொருளன்று. பூனைகளுக்கென்று விற்கும் உலர் உணவிலும் பொட்டல உணவிலும் டாரின் சேர்க்கப்பட்டிருக்கிறது. சமையலறைக்கு வெளியே, தனிக் கிண்ணம், தனிக் கரண்டி, தனி அலமாரி வைத்து அதைக் கொடுக்கும் வீடுகள் பல உண்டு. அதுவும் மனத்துக்கு ஒவ்வாது என்றால் பூனையைத் தவிர்த்து, முயல் போன்ற மரக்கறி உண்ணும் பிராணி ஒன்றை யோசிப்பதே இரு தரப்புக்கும் நேர்மையானது.

பசும்பாலும் வேண்டாம். தாய்ப்பால் மறந்த பூனைகளில் பலவற்றுக்கு அது செரிக்காமல் பேதியாகும். சிறிய குட்டிக்குப் பேதி என்றால் ஒரே நாளில் உடலில் நீர் வற்றிவிடும். எப்போதும் சுத்தமான தண்ணீர் இருந்தால் போதும்.

மணல் தட்டை எங்கே வைப்பது? நாற்றம் வராதா?

தினமும் இருமுறை அள்ளினால் வராது. அள்ளாவிட்டால் எந்த விலையுயர்ந்த மணலும் உதவாது. சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து தள்ளி, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். எத்தனை பூனையோ அதற்கு மேல் ஒரு தட்டு கூடுதலாக இருப்பது நல்லது. மிகச் சிறிய குட்டிகள் மணலைத் தின்று பார்க்கும் என்பதால், முதல் சில வாரங்களுக்கு நனைந்தால் கட்டியாகும் வகையைத் தவிர்த்து மரத்துகள் உருண்டைகளைப் பயன்படுத்துங்கள்.

தடுப்பூசிகள் என்னென்ன? செலவு யாருடையது?

எட்டு வாரத்தில் மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும்வரை போட வேண்டும். வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் போட்டு, ஆண்டுதோறும் தொடர வேண்டும். குடற்புழு மருந்தை ஆறு மாதம் ஆகும்வரை மாதம் ஒருமுறை கொடுக்கிறோம். எங்களிடம் இருக்கும்வரை போட்டவற்றை அட்டையில் எழுதித் தருவோம், பிறகு வருபவை உங்கள் பொறுப்பு. தனியார் மருத்துவரிடம் போக வசதியில்லாதவர்களுக்கு, 1903-இல் தொடங்கப்பட்ட வேப்பேரி சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் அதிகம் என்பதால் காலையிலேயே போய்விட வேண்டும்.

குட்டிக்கு நாங்கள் விலை வாங்குவதில்லை. சிலர் போட்ட தடுப்பூசியின் செலவை மட்டும் கேட்பார்கள். குட்டியையே கண்ணில் காட்டாமல் முன்பணம் அனுப்பச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

எங்கள் வீட்டில் சில மாதங்களுக்கு முன் ஒரு குட்டி வாந்தியும் பேதியுமாக இறந்துவிட்டது. அதைச் சொன்னால் மறுத்துவிடுவீர்களா?

தயவுசெய்து இதை மட்டும் மறைக்காதீர்கள். அது பான்லுகோபீனியா என்ற வைரஸாக இருந்திருக்கலாம். அந்த வைரஸ் வீட்டுத் தரையிலும் மெத்தையிலும் ஓராண்டு வரைகூட உயிரோடு இருக்கும், பெரும்பாலான கிருமிநாசினிகளுக்கும் அசையாது. சோப்பால் நன்கு கழுவிய பிறகு, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, தரையில் பத்து நிமிடம் ஈரமாக நிற்கும்படி தடவ வேண்டும். பிளீச்சோடு ஆசிட்டையோ வேறு திரவத்தையோ கலக்கக் கூடாது, நச்சு வாயு உண்டாகும். பழைய தட்டு, துணி, படுக்கை எல்லாவற்றையும் தூக்கி எறியுங்கள். இவ்வளவும் செய்த வீட்டுக்கு, தடுப்பூசிகள் முழுவதும் முடிந்த, ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட பூனையைத் தருகிறோம். ஒரு குட்டியை இழந்தவர்கள் அடுத்ததை மிகக் கவனமாகப் பார்த்துக்கொள்வார்கள் என்பது என் அனுபவம்.

கருத்தடை செய்வேன் என்று கையெழுத்து வாங்குவது ஏன்? ஒருமுறையாவது குட்டி போடட்டுமே?

பெட்டைக் குட்டி நான்கு மாதத்திலேயே சினையாகக்கூடும், ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும். நீங்கள் வளர்க்கும் பூனையே இன்னும் குட்டியாக இருக்கும்போது அதற்கு நான்கு குட்டிகள் இருக்கும், அந்த நான்குக்கும் வீடு தேடி நீங்கள் எங்களுக்கே தொலைபேசி செய்வீர்கள். ஒருமுறை ஈன்றால்தான் உடலுக்கு நல்லது என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. கடுவன் குட்டிக்கும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுச் சுவரெல்லாம் சிறுநீர் தெளித்து, துணை தேடி எப்படியாவது வெளியே ஓடப் பார்க்கும். ஐந்தாறு மாதத்தில் நாங்களே நினைவூட்டுவோம்.

முதல் சில நாள்கள் எப்படி இருக்கும்?

ஓர் அறை மட்டும் கொடுங்கள். கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும், ஒளியட்டும். இழுத்து வெளியே எடுக்காமல், தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். முதலில் இரண்டு கண்கள் தெரியும், பிறகு உங்கள் காலணியை முகர்ந்து பார்க்கும், மூன்றாம் இரவில் பெரும்பாலும் உங்கள் கால்மாட்டில் படுத்திருக்கும். உறவினர்களை ஒரு வாரம் கழித்து அழையுங்கள். நாளுக்கு நான்கு முறை சிறிது சிறிதாக உணவு வையுங்கள். அரை நாளுக்கு மேல் எதையும் தொடவில்லை என்றால் எங்களை இரவானாலும் கூப்பிடுங்கள். விளையாட்டில் நகம் பட்டோ பல் பட்டோ இரத்தம் வந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சின்னக் குட்டிதானே என்று விட்டுவிடக் கூடாது.

ஏற்கெனவே பூனை இருந்தால் இரண்டு வாரம் தனித்தனி அறையில் வைத்து, கதவிடுக்கு வழியே மணம் பழகிய பிறகே முகம் பார்க்க விடுங்கள். நாய் இருந்தால், அதைப் பட்டையில் பிடித்தபடிதான் முதல் சந்திப்பு இருக்க வேண்டும்.

வீட்டைப் பார்த்துவிட்டு மறுத்துவிட்டால்?

நேரடியாக மறுப்பது அரிது. என்ன சரிசெய்ய வேண்டும் என்று எழுதித் தருவோம், நீங்கள் செய்து முடித்துப் படம் அனுப்பும்வரை அந்தக் குட்டியை உங்களுக்காக இரண்டு வாரம் நிறுத்தி வைப்போம். வலை வேண்டாம், பூனை வெளியே போய் வரத்தான் வேண்டும் என்று உறுதியாகச் சொல்பவர்களுக்கும், வீட்டில் ஒருவர் கடுமையாக எதிர்க்கும் இடங்களுக்கும் தருவதில்லை.

பின்னாளில் வளர்க்க முடியாமல் போனால்?

ஊர் மாற்றம், நோய், வேலையிழப்பு எதுவானாலும் எங்களிடமே திருப்பிக் கொடுங்கள். எத்தனை ஆண்டு கழித்தானாலும் வாங்கிக்கொள்வோம், ஏன் என்று கடிந்து கேட்கமாட்டோம். மீன் சந்தையிலோ கோயில் வாசலிலோ விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி விலங்கைக் கைவிடுவது மேற்சொன்ன 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றம்.

நீங்கள் வைத்த பெயரை மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம். நாங்கள் வைப்பது அட்டையில் எழுதுவதற்கான பெயர்தான். சாப்பாட்டுக் கிண்ணத்தை வைக்கும்போதெல்லாம் புதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், பத்து நாளில் திரும்பிப் பார்க்கும். மாற்றியதும் எங்களுக்கும் தெரிவியுங்கள், தடுப்பூசி நாளை நினைவூட்டும்போது அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்போம்.